பரீட்சைக்கு முந்தின மதியம்

புத்தகங்களுக்கு எண் போடுவதையும் அவற்றைக் கணினியில் ஏற்றுவதையும் நான் உங்களுக்குச் சொல்லித்தரப் போவதில்லை. அதையெல்லாம் நீங்கள் படித்துவிட்டுத்தான் நூலக வேலைக்கு வந்திருக்கிறீர்கள். ஓய்வுபெற்ற நாள்வரை நான் கணினியில் ஒரு பெயரைத் தேடவே ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருந்தவன். பயிற்சி வகுப்பில் யாரும் சொல்லாத ஒன்றைப் பற்றித்தான் எனக்குப் பேச இருக்கிறது. மேசைக்கு முன்னால் வந்து நிற்கிற எல்லோரும் புத்தகம் கேட்டு வருவதில்லை. சில நாள் அந்த மேசைக்கு வேறு சங்கதிகளும் வந்து சேரும். அப்போது என்ன செய்வது என்று எந்தப் பாடத்திலும் இல்லை. எனக்குத் தெரிந்த கொஞ்சமும் நூலகத்தில் கற்றதல்ல, ஒரு விடுதியில் கற்றது.

நூலகத்துக்கு வருமுன் நான் இராஜபாளையத்தில் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய ஒரு லாட்ஜில் வரவேற்பு மேசையில் இருந்தேன். பஞ்சு விற்க வருகிறவர்கள், நூல் வாங்க வருகிறவர்கள், பேண்டேஜ் துணிக்கு ஆர்டர் கொடுக்க வருகிறவர்கள், குற்றாலத்துக்குப் போகிற வழியில் தங்குகிறவர்கள் என்று ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். சாவி கொடுக்க வேண்டும், வாங்க வேண்டும், வெந்நீர் வரவில்லை என்றால் திட்டு வாங்க வேண்டும். முகம் கோணாமல் இருப்பதுதான் அந்த வேலையில் பாதி.

அறையைக் காலி செய்கிறவர்கள் புத்தகங்களை விட்டுவிட்டுப் போவார்கள். வாரப் பத்திரிகைகள், ஜாதகப் புத்தகங்கள், பக்திப் புத்தகங்கள், ஒரு தடவை பாதி கிழிந்த தெலுங்கு நாவல். அவற்றைப் பழைய பேப்பர்காரனிடம் போட மனம் வராமல் மேசைக்குப் பின்னால் இருந்த அலமாரியில் அடுக்கி வைத்தேன். பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்கள் கேட்டால் கொடுப்பேன். தெலுங்கு நாவலின் மீதிப் பாதியைத் தேடி எங்கள் ஊரில் தெலுங்கு பேசுகிற ராஜுக்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர் பல தடவை வந்து போனார். அது கிடைக்கவே இல்லை. ஆனாலும் அவர் வருவதை நிறுத்தவில்லை. நான் நடத்திய முதல் நூலகம் அந்த அலமாரிதான்.

அங்கே மாதா மாதம் வந்து தங்குகிற ஒரு பஞ்சு வியாபாரி இருந்தார். திண்டுக்கல் பக்கத்துக்காரர். ஒருநாள் காலையில் அவர் மைத்துனர் லாட்ஜுக்குப் போன் செய்தார். வியாபாரியின் மனைவி இறந்துவிட்டார். எங்கள் மேனேஜர்தான் போனை எடுத்தார், நான் பக்கத்தில் நின்றிருந்தேன். நேராகச் சொல்ல வேண்டாம், உடம்புக்கு முடியவில்லை என்று மட்டும் சொல்லி அனுப்பிவைக்கும்படி மைத்துனர் கேட்டுக்கொண்டார். நம் பக்கத்தில் அதுதானே வழக்கம். தூரத்தில் இருப்பவரிடம் சாவைச் சொல்ல மாட்டோம். வழியில் அவருக்கு ஏதாவது ஆகிவிடக் கூடாதே என்கிற பயம். மேனேஜரும் இரக்கப்பட்டுத்தான் அப்படியே செய்தார். வீட்டம்மாவுக்குக் காய்ச்சலாம், ஒரு எட்டு வந்துவிட்டுப் போகச் சொன்னார்கள் என்றார். வியாபாரி காபி குடித்து முடித்து, என்னிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, அடுத்த வாரம் இதே அறை வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் அவர் வரவில்லை. சில மாதங்கள் கழித்து வந்தார். பையில்லாமல் வந்து மேசைக்கு முன்னால் நின்றார். மேனேஜர் வெளியே போயிருந்தார். அன்றைக்கு எங்களுக்கு விஷயம் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். அவருக்குக் கோபம் எதுவும் இல்லை. நின்றபடியே சொன்னார்.

"காய்ச்சல்தானேன்னு ஸ்ரீவில்லிபுத்தூர்ல இறங்கிப் பிள்ளைகளுக்குப் பால்கோவா வாங்கினேன். எங்க தெரு முனையில பந்தல் போட்டிருந்துச்சு. யாரு வீட்டு விசேஷமோன்னு நெனச்சுக்கிட்டே நடந்தேன். ஊரே என்னயப் பாத்துச்சு. கையில அந்தப் பொட்டலம்."

அறை கேட்கவில்லை. எதிர்ப்புறம் இருந்த வேறு லாட்ஜுக்குப் போய்விட்டார். மேனேஜர் வந்ததும் சொன்னேன். அவர் வெகுநேரம் சாவிப் பலகையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நல்ல மனிதர். நல்ல மனிதர் இரக்கத்தால் சொன்ன பொய் இன்னொருவரை அந்தத் தெருவில் அப்படி நடக்கவைத்துவிட்டது.

நூலக அறிவியலில் சான்றிதழ்ப் படிப்புக்கு நான் விண்ணப்பித்தது அந்த வருடம்தான். லாட்ஜ் வேலை பிடிக்காமல் போய்விட்டது என்று அதற்குப் பொருள் இல்லை. மனிதர்கள் திரும்பி வருகிற இடத்தில் இருக்கவேண்டும் என்று தோன்றியது, அவ்வளவுதான். லாட்ஜில் ஒருவருடைய துக்கம் பஸ் ஏறிப் போய்விடும், அதன் முடிவு நமக்குத் தெரியாது. அந்த வியாபாரி திரும்பி வந்ததால்தான் நாங்கள் செய்தது என்னவென்றே எங்களுக்குத் தெரிந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளை நூலகத்தில் வேலை கிடைத்தது. முதல் வாரம் எனக்குக் கஷ்டமாக இருந்தது. யார் உள்ளே வந்தாலும் பழக்க தோஷத்தில் எழுந்து நின்று வாங்க, உட்காருங்க என்பேன். வந்தவர்கள் மிரண்டு போவார்கள். நூலகர் எழுந்து நின்றால் வெளியே போகச் சொல்லத்தான் என்று நினைத்துக்கொள்வார்கள். உடன் வேலை பார்த்தவர் இது லாட்ஜ் இல்லை என்று கேலி செய்தார். எழுந்து நிற்பதை விட்டேன். பெயர் கேட்டுத் தெரிந்துகொள்வதை மட்டும் விடவில்லை. அடிக்கடி வருகிறவர்களிடம் வீட்டாரின் போன் நம்பரும் வாங்கி வைப்பேன், என் நம்பரும் கொடுத்து வைப்பேன். லாட்ஜில் அது கட்டாயம். நூலகத்தில் யாரும் கேட்பதில்லை.

காலம் போகப்போக நூலகத்துக்கு வருகிறவர்கள் மாறினார்கள். கதைப் புத்தகம் வாங்க வருகிறவர்கள் குறைந்து, அரசு வேலைப் பரீட்சைக்குப் படிக்கிறவர்கள் காலையிலேயே வந்து கதவு திறக்கக் காத்திருக்க ஆரம்பித்தார்கள். மில்லில் ஷிஃப்ட் முடித்து வருகிற பையன்கள், பேண்டேஜ் யூனிட்டில் லீவு போட்டுவிட்டு வருகிற பெண்கள். வீட்டில் மின்விசிறி இருக்கும், அமைதி இருக்காது. அவர்களுக்காக ஜன்னல் பக்கம் மேசைகளைத் தள்ளிப் போட்டேன். குடிதண்ணீர் வைத்தேன். நூலகம் சாப்பிடுகிற இடமில்லை என்ற பலகையை எடுத்துவிட்டு, பின்கட்டில் டிபன் பாக்ஸ் திறக்க ஒரு பெஞ்சு போட்டேன். மேலிடத்தில் இதைப் பற்றிக் கேட்டார்கள், சமாளித்துக்கொண்டேன்.

அப்படி வந்தவள்தான் செல்வராணி. வன்னியம்பட்டிக்காரப் பெண். அப்பா மாடசாமி தென்னந்தோப்பில் தண்ணீர் பாய்ச்சுகிறவர். காலையில் பழைய மொபெட்டில் மகளைக் கொண்டுவந்து விடுவார், சாயங்காலம் வந்து கூட்டிப்போவார். கூட்டிப்போக எப்போதும் சீக்கிரமே வந்துவிடுவார். ஆனால் உள்ளே வரமாட்டார், கால் முழுக்கச் சகதி என்பார். ஒருநாள் வற்புறுத்தி அழைத்து உட்காரவைத்துப் பேப்பரைக் கொடுத்தேன். எழுத்துக் கூட்டி வாய்விட்டுத்தான் அவருக்குப் படிக்க வரும். படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். சட்டென்று நிறுத்திவிட்டு எழுந்து போய்விட்டார். மறுநாளிலிருந்து வாசல் தாழ்வாரத்தில் அவருக்கு ஒரு நாற்காலியும் பேப்பரும் போட்டுவைத்தேன். சாயங்காலம் மழைச் செய்தியையும் தேங்காய் விலையையும் அவர் சத்தமாகப் படிப்பது உள்ளே லேசாகக் கேட்கும். செல்வராணி தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பாள்.

அவளுடைய அண்ணன் முருகேசன் இராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் யூனிட்டில் தறி ஓட்டினான். தங்கச்சி வேலைக்குப் போன பிறகுதான் தனக்குக் கல்யாணம் என்று வந்த பெண்களையெல்லாம் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தான். வீடு அவன் சம்பளத்தில்தான் ஓடியது. அவள் முதல்நிலைத் தேர்வில் தேறினாள். எங்கள் வாசிப்பறையில் அதுவரை யாரும் தேறியதில்லை. அன்றைக்கு எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தவன் முருகேசன்தான். அடுத்தது முதன்மைத் தேர்வு. விருதுநகரில் சென்டர்.

பரீட்சைக்கு முந்தின நாளும் அவள் வந்திருந்தாள். அன்று சாயங்காலம் அப்பா வந்து மடவார் வளாகத்தில் சித்தி வீட்டில் விட, ராத்திரி அங்கே தங்கிவிட்டு, காலையில் அங்கிருந்தே பஸ் பிடிப்பதாக ஏற்பாடு. போனைக் கவனம் சிதறுகிறது என்று வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தாள். சாப்பாடு முடிந்து எல்லோரும் திரும்ப உட்கார்ந்த நேரம் என் போன் அடித்தது. முருகேசன்.

"சார், அப்பா போயிட்டாரு."

தோப்பில் வாய்க்காலைத் திருப்பிவிடக் குனிந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டாராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே முடிந்துவிட்டது. நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனேன். அவன் அழவில்லை. எல்லாவற்றையும் யோசித்து முடித்தவன் குரலில் பேசினான். ராணியிடம் சொல்லக்கூடாது. நாளைக்குப் பரீட்சை எழுதட்டும். ஐஸ் பெட்டிக்குச் சொல்லியாகிவிட்டது, நாளைச் சாயங்காலம் அவள் வந்த பிறகுதான் எடுப்பார்கள். அப்பா முகத்தை அவள் பார்க்கத்தான் போகிறாள். நான் அவளைச் சித்தி வீட்டில் விட்டால் போதும். அப்பாவுக்குத் தோப்பில் வேலை, அதான் கூட்டிப்போக வரவில்லை என்று சொன்னால் போதும்.

அவன் சொன்னதில் எங்கே பிழை சொல்வீர்கள்? நானும் அன்று தேடிப்பார்த்தேன். அவள் மேல் பாசம் இல்லாதவன் சொன்னதா? இல்லை. அப்பா உயிரோடு இருந்தால் அவரும் எழுதிவிட்டு வா என்றுதான் சொல்லியிருப்பார்.

நான் ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தேன். அவள் பழைய வினாத்தாளை வைத்து எழுதிப் பழகிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இரண்டு மேசை தள்ளி வன்னியம்பட்டிப் பையன் ஒருவன் இருந்தான். அவன் போனை எடுத்துப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். மறுபடி போனைப் பார்த்தான். நம் ஊர்களில் ஒருவர் கண்ணை மூடிய கொஞ்ச நேரத்துக்குள் கண்ணீர் அஞ்சலி என்று படம் போட்டு ஊர் முழுக்க அனுப்பிவிடுகிறார்கள். சித்தி வீட்டுத் தெருவிலும் அதைப் பார்க்கத்தான் போகிறார்கள். காலையில் பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவளும் பார்த்திருப்பாள். இனி அவளைச் சுற்றி இருக்கிற எல்லோருக்கும் தெரியும், அவளுக்கு மட்டும் தெரியாது. பொட்டலத்தோடு தெருவில் நடந்த மனிதர் எனக்கு அப்போது நினைவுக்கு வந்தார்.

"தம்பி, அவகிட்டப் பொய் சொல்ல எனக்கு ஏலாது," என்றேன். "ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரிஞ்சு போச்சு. யாரோ சொல்லித் தெரியறதுக்கு நான் சொல்லுதேன். நீ சொன்ன ஏற்பாட்டையும் சொல்லுதேன். எழுதுறதா வேண்டாமான்னு அவ முடிவு பண்ணட்டும்."

"அவ முடிவு பண்ண மாட்டா சார். கெளம்பி வந்துருவா. அது உங்களுக்கும் தெரியும்," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான்.

எனக்கும் தெரியும்தான்.

இந்த மாதிரி செய்தியை மேசையில் வைத்துச் சொல்லாதீர்கள். நின்றுகொண்டும் சொல்லாதீர்கள். பின்கட்டில் பழைய நாளிதழ்கள் கட்டிவைக்கிற அறைக்கு அவளை அழைத்து உட்காரச் சொன்னேன். நானும் எதிரில் உட்கார்ந்தேன். சுற்றி வளைக்கவில்லை. உடம்புக்கு முடியவில்லை, மோசமாக இருக்கிறது என்று படிப்படியாக இறக்குவது கேட்கிறவருக்கு உதவி என்று நினைக்கிறோம். அது சொல்கிறவருக்குத்தான் உதவி.

"ராணி, ஒங்க அண்ணன் பேசினான். அப்பா இறந்துட்டாரும்மா."

அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கே என்று கேட்டாள். தோப்பில் என்றேன். பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள், அந்த நேரத்தில் நாம் எதைச் சொன்னாலும் அது அவர்கள் மனதில் ஆயுசுக்கும் நின்றுவிடும்.

பிறகு அண்ணனின் ஏற்பாட்டைச் சொன்னேன். நாளைச் சாயங்காலம் வரை வைத்திருப்பார்கள், அவள் விரும்பினால் எழுதிவிட்டும் போகலாம், அப்படிச் செய்தால் யாரும் அவளைத் தவறாக நினைக்க மாட்டார்கள் என்று சொன்னேன். அவள் கணக்குப் பாடம் கேட்பதுபோலக் கவனமாகக் கேட்டாள். ஒரு கணம், எழுதப்போகிறேன் என்று சொல்லிவிடுவாள் என்றே நினைத்தேன்.

"நீங்க என்ன சார் சொல்லுதீங்க?" என்றாள்.

இத்தனை வருட வேலையில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளில் இதைவிடக் கடினமானது வேறு இல்லை. எழுது என்று சொல்லியிருந்தால் அவள் எழுதியிருக்கவும் கூடும். நான், இது நீதான் எடுக்க வேண்டிய முடிவு, எதை எடுத்தாலும் உன் கூட வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். அது சரியான பதிலா, இல்லை, பொறுப்பிலிருந்து நழுவுகிற லாட்ஜ்காரன் பதிலா என்று இன்றைக்கும் எனக்குள் வாதம் நடக்கிறது.

"அம்மா தனியா இருக்கும்," என்று சொல்லி எழுந்துவிட்டாள்.

என் ஸ்கூட்டரில்தான் கூட்டிப்போனேன். தெருவுக்குள் நுழையும்போது மட்டும் என் தோளைப் பிடித்தாள். வாசலில் நின்றிருந்த முருகேசன் அவளை உள்ளே அனுப்பிவிட்டு என்னிடம் வந்தான். சுற்றிலும் ஆட்கள் இருந்ததால் குரலை உயர்த்தவில்லை.

"ஒரு நாள் சார். ஒரே ஒரு நாள் நீங்க வாய மூடியிருந்தாப் போதும். அவிய எங்க அப்பா. சொல்லலாமா வேண்டாமான்னு நாங்கதான சொல்லணும்?"

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆண்கள் உட்கார்ந்திருந்த பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்துவிட்டு, பொழுது சாயுமுன் கிளம்பிவிட்டேன். மறுநாள் எடுப்புக்கும் போனேன். மகள் வீட்டிலேயே இருந்ததால் சாயங்காலம்வரை காத்திருக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. மதியத்துக்குள்ளேயே எல்லாம் முடிந்துவிட்டது.

அவள் பரீட்சைக்குப் போகவில்லை. அடுத்த அறிவிப்பு வர வெகுகாலம் ஆனது. காரியமெல்லாம் முடிந்து சில நாள் நூலகத்துக்கு வந்தாள். புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பக்கம் திரும்பாது. சாயங்காலம் ஆனால் வாசல் பக்கம் பார்ப்பாள். தாழ்வாரத்து நாற்காலியை எடுத்து உள்ளே போட்டேன். எடுத்த பிறகு அந்த இடம் இன்னும் வெறிச்சென்று ஆகிவிட்டது. அப்புறம் அவள் வரவில்லை. அண்ணனோடு யூனிட்டுக்கு வேலைக்குப் போவதாகக் கேள்விப்பட்டேன். இரண்டு மூன்று தடவை வீட்டுக்குப் போய் அழைத்தேன். வாரேன் சார் என்பாள். வரமாட்டாள்.

முதலில் என்மேல் கோபம் என்று நினைத்தேன். வேறொன்றும் உண்டு என்று பிறகுதான் புரிந்தது. அவளுக்கு அந்தச் செய்தியின் முகம் நான்தான். அந்தப் பின்கட்டு அறை, ஜன்னல் மேசை, என் குரல் எல்லாமே அதுதான். சரியான காரியத்தைச் செய்துவிட்டால் மனது லேசாகிவிடும் என்று நினைத்துக்கொண்டு இந்த வேலைக்கு வந்திருந்தால், அந்த நினைப்பை மாற்றிக்கொள்ளுங்கள். சில வேளைகளில் சரியானதைச் செய்ததற்கே ஒரு வாசகரை இழப்போம். அவர்களுக்காக நகர்த்திப் போட்ட மேசையில் வேறு யாராவது வந்து உட்காருவார்கள். அவர்களிடமும் நாம் பெயர் கேட்கத்தான் வேண்டும்.

ஓய்வுபெற்ற பிறகு போன வருடம் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். ஷிஃப்ட் முடிந்து இறங்கியிருந்தாள். தலைமுடியில் பஞ்சுத் தூசி. அவளாகவே வந்து பேசினாள். முருகேசனுக்குக் கல்யாணமாகி ஒரு பெண் குழந்தையாம். அவள் யூனிட்டில் துணியைச் சரிபார்க்கிற செக்கிங் மிஷினுக்கு மாறிவிட்டாளாம். வன்னியம்பட்டி டவுன் பஸ் வரும்வரை நின்றோம். இத்தனை வருடம் கேட்காததைக் கேட்டுவிட்டேன். அன்றைக்கு நான் சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்று.

அவள் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"நான் வீட்டுக்குள்ள போனதும் அம்மா, ஏட்டி, நாளைக்குப் பரிச்சய வச்சுக்கிட்டு நீ எதுக்கு வந்தன்னுதான் சார் கேட்டுச்சு. ராத்திரி பூரா ஒரு பொட்டுத் தூங்கல. மறுநாள் காலையில என் மடியில சாஞ்சு அப்படியே தூங்கிருச்சு. சரியா பரிச்ச நேரம். காலு மரத்துப்போச்சு, அசையாம இருந்தேன். நான் மட்டும் விருதுநகர்ல இருந்திருந்தா அம்மா அன்னைக்கு எங்க சாஞ்சிருக்கும்? அத நெனச்சா, நீங்க சொன்னதுதான் சரின்னு தோணும்."

பஸ் வந்து நின்றது. கூட்டம் முண்டியது. படியில் ஒரு காலை வைத்தவள் திரும்பிப் பார்த்தாள்.

"மிஷின் முன்னால நிக்கும்போது வேற மாதிரித் தோணும் சார்."

ஏறிக்கொண்டாள். எது அடிக்கடி தோன்றும் என்று நான் கேட்கவில்லை.